கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'எஸ்', மாத்திரையும் சரியாகத்தான் போச்சு. கிருமி மட்டும் எப்படிப் பிழைக்குது?

#1 மஞ்சுமூட்டம் (கோத்தகிரி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அம்மாவுக்கு வயசு 63, சர்க்கரை இல்லை. நீர்க்கடுப்பும் அடிவயித்து வலியும் வந்து யூரின் கல்ச்சர் (சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) எடுத்தோம். ஈ. கோலைன்னு ஒரு கிருமி, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். மருந்துப் பட்டியலில் நைட்ரோஃபுரான்டாய்னுக்கு நேரா 'எஸ்', அதாவது கேட்கும். டாக்டர் அதையே எழுதினார். ஒரு வேளைகூடத் தவறாம சாப்பிட்டாங்க, நல்லாவும் ஆச்சு.

சில வாரம் கழிச்சு மறுபடி அதே கடுப்பு. மறுபடி கல்ச்சர். அதே ஈ. கோலை, அதே மருந்து, அதே 'எஸ்'.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். அந்த மருந்துக்குக் கிருமி சாகும்னா ஏன் சாகல? சாகாதுன்னா ரிப்போர்ட்டில் ஏன் 'எஸ்' போடறாங்க? கேட்ட இடத்தில் "அது அப்படித்தான்மா" என்று அனுப்பிட்டாங்க. தெரிஞ்சவங்க விளக்கினா நல்லா இருக்கும்.

#2 குன்னூர்_மெடிக்கல் (குன்னூர்)

கிருமி பழகிப் போச்சுங்க. ரெசிஸ்டன்ட். எங்க கடைக்கு தினமும் இப்படி ரெண்டு பேர் வர்றாங்க. முன்னெல்லாம் அமாக்சிசிலினுக்குக் கேட்டது இப்ப கேக்கறதில்ல. டாக்டர்கிட்ட கொஞ்சம் பெரிய மருந்தா, ஊசியா எழுதச் சொல்லுங்க. சின்ன மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாத்தான் வினை.

#3 பெட்ரி_தட்டு (உதகை)

குன்னூர் அண்ணே, அவசரப்படாதீங்க. ரெண்டாவது ரிப்போர்ட்டிலும் 'எஸ்' என்று அவங்களே எழுதியிருக்காங்க. பழகிப் போன கிருமியாக இருந்தால் அங்கே 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட், கேட்காது என்று வந்திருக்கும்.

நான் லேபில் இந்தத் தட்டுகளோடுதான் பொழுது போக்குகிறேன், அதனால் 'எஸ்' எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அகார் (கிருமி வளரும் கூழ்) தட்டில் கிருமியைத் துணியால் துடைப்பதுபோல் சீராகப் பூசுவோம். மேலே மருந்து ஊறிய சின்ன வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் ஒரு இரவு விடுவோம். காலையில் வில்லையைச் சுற்றி எதுவும் வளராத வட்டம் தெரியும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் எஸ், ஐ (இரண்டுக்கும் நடுவில்), ஆர். கிர்பியும் பாவரும் சேர்ந்து 1966இல் வெளியிட்ட முறை. இன்றும் பெரும்பாலான ஊர்களில் இதுதான்.

இந்தச் சோதனை கேட்கும் கேள்வி: "மருந்து இருக்கும்போது இந்தக் கிருமி வளருமா?" அவ்வளவுதான். "செத்துவிட்டதா?" என்று அது கேட்பதே இல்லை. அந்த வெற்று வட்டத்துக்குள் உயிரோடு, ஆனால் வளராமல், சில செல்கள் கிடந்தால் என் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேலுக்கும் தெரியாது.

அம்மாவின் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். வளராமல் கிடப்பவற்றைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன். இப்போது டியூட்டி.

#4 இத்தலார்_தோட்டம் (இத்தலார்)

தொடர்கிறேன். என் மாமியாருக்கும் இதே கதைதான்.

#5 மட்டுறுத்துநர்

#1இல் இணைத்திருந்த ரிப்போர்ட் படத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் தெரிந்ததால் நீக்கியிருக்கிறோம். இங்கே யாரும் மருந்தின் அளவு எழுத வேண்டாம்.

#6 பெட்ரி_தட்டு (உதகை)

விட்ட இடத்திலிருந்து.

பெனிசிலின் புதிதாக வந்த காலம். 1942இல் அமெரிக்காவில் கிளாடிஸ் ஹாபியும் கூட இருந்தவர்களும் ஒன்றைப் பார்த்தார்கள்: பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளைத்தான் பெனிசிலின் கொல்கிறது, சும்மா கிடப்பவற்றை விட்டுவிடுகிறது. 1944இல் டப்ளினைச் சேர்ந்த ஜோசப் பிக்கர் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு வேண்டிய அளவு பெனிசிலின் ஊற்றிவிட்டு, எல்லாம் செத்ததா என்று தேடினார். சாகவில்லை. ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று மிஞ்சியது. மிஞ்சியதை எடுத்து வளர்த்து, அந்தப் புது வம்சத்துக்கும் பெனிசிலின் கொடுத்தார். அது முதல் கூட்டத்தைப் போலவே மடிந்தது. மறுபடியும் ஒரு துளி மிஞ்சியது.

இந்தக் கதையின் உயிர்நாடி இதுதான். மிஞ்சியவை மரபணு மாறிய வீரர்கள் இல்லை. அப்படி இருந்தால் பிள்ளைகளும் மருந்தைத் தாங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஓய்ந்து கிடந்ததால் தப்பியவை, அவ்வளவே.

ஓய்ந்தால் ஏன் தப்பலாம்? பெனிசிலின் வகை மருந்து செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. வளரும் கிருமி பழைய சுவரை வெட்டிக்கொண்டே புதுச் சுவரைக் கட்டும். வெட்டு நடக்க, கட்டு நின்றுபோக, உள்ளழுத்தத்தில் வெடிக்கும். சுவர் வேலையே நடக்காத செல்லில் மருந்துக்கு என்ன வேலை? சிப்ரோஃப்ளாக்சசின் வகை டி.என்.ஏ. முறுக்கவிழ்க்கும் நொதியைப் பிடிக்கிறது, அமிகாசின் வகை புரதம் செய்யும் ரைபோசோமைப் பிடிக்கிறது. எந்த வேலையைக் கெடுக்கிற மருந்தானாலும், அந்த வேலை மந்தமாக நடக்கும் செல்லில் அதன் பிடி தளர்ந்துதான் போகும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். சிறுநீர்ப்பையில் 200 மில்லி, மில்லிக்கு ஒரு லட்சம் என்றால் மொத்தம் 2 கோடி. பத்து லட்சத்தில் ஒன்று மிஞ்சினாலும் 20 செல். நல்ல சாப்பாடு கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒரே ஒரு செல் ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். உடம்புக்குள் இவ்வளவு வேகம் இருக்காது. நோயெதிர்ப்பும் சிறுநீர் ஓட்டமும் மிஞ்சியதைப் பெரும்பாலும் கழுவிவிடும். எல்லா நேரமும் கழுவிவிடும் என்று சொல்ல முடியாது.

#7 இத்தலார்_தோட்டம் (இத்தலார்)

புரிஞ்ச மாதிரி இருக்குங்க. எங்க பக்கம் ஜனவரியில் உறைபனி விழுந்தா விடிஞ்சதும் கொழுந்தெல்லாம் தீய்ஞ்சு கிடக்கும். கவாத்து பண்ணின செடியில் கட்டைக்குள்ள அடங்கிக் கிடக்கிற மொட்டுக்கு ஒண்ணும் ஆகாது, வெயில் வந்தா துளிர்க்கும். அதே செடிதான், பனியைத் தாங்கற புது ரகமா மாறிடலை. அடுத்த வருசக் கொழுந்தும் பனிக்குக் கருகத்தான் செய்யும். இதைத்தான சொல்றீங்க?

#8 பெட்ரி_தட்டு (உதகை)

அதேதான், நான் இவ்வளவு நீட்டியிருக்க வேண்டியதில்லை. ஒரு இடம் மட்டும் பொருந்தாது. உங்கள் மொட்டு பருவம் பார்த்து அடங்குகிறது. கிருமியில் சில செல்கள் மருந்து வருவதற்கு முன்பே, காரணமில்லாமல், குருட்டாம்போக்கில் ஓய்ந்துவிடுகின்றன. 2004இல் நாதலி பலாபனும் குழுவினரும் நுண்ணிய பள்ளங்களில் ஈ. கோலையை வரிசையாக அடைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒவ்வொரு செல்லாகப் படம் பிடித்தார்கள். பிறகு ஆம்பிசிலின் விட்டார்கள். பிழைத்தவை எவை என்று படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், மருந்து வருவதற்கு முன்பே அவை வளராமல் நின்றிருந்தன.

உள்ளே நடப்பதும் ஓரளவு தெரியும். ஈ. கோலை தன்னையே முடக்கும் நஞ்சையும் அதற்கு முறிவையும் சேர்த்தே தயாரிக்கிறது. ஹிப்-ஏ என்பது அப்படி ஒரு நஞ்சு. முறிவு குறைந்து நஞ்சு கை ஓங்கினால் புரத உற்பத்தி முடங்கும், செல் படுத்துவிடும். அந்த ஹிப்-ஏ மரபணுவில் மாற்றம் உள்ள ஒரு வகையை மோயெட், பெர்ட்ரண்ட் இருவரும் 1983இல் கண்டுபிடித்தார்கள். அதில் தப்பிப்பவை பல நூறு மடங்கு கூடுதல். பட்டினி, அமிலம், சூடு போன்ற தொல்லைகளும் செல்லை ஓய்வுக்குத் தள்ளும்.

#9 குன்னூர்_மெடிக்கல் (குன்னூர்)

அப்ப ரெசிஸ்டன்ஸ்னு ஒண்ணு இல்லவே இல்லைங்கிறீங்களா? 2014ல மருந்துச் சட்டத்தில் எச்1னு ஒரு அட்டவணை கொண்டு வந்து செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் வித்தா எழுதின டாக்டர் பேரு, நோயாளி பேரு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூணு வருசம் வைக்கணும்னாங்க. சும்மாவா சொன்னாங்க? பேப்பர்லயும் சூப்பர்பக், சூப்பர்பக்னு எழுதறாங்க.

#10 பெட்ரி_தட்டு (உதகை)

இருக்கிறது அண்ணே, மலைபோல் இருக்கிறது. ரெண்டும் வேறு வேறு என்றுதான் சொல்கிறேன்.

ரெசிஸ்டன்ட் கிருமி மருந்துக்கு நடுவிலேயே வளரும். அதற்கு அது கையாளும் வழிகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மருந்தை வெட்டிப்போடும் நொதி: பெனிசிலினை அறுக்கும் நொதியை ஆபிரகாமும் செயினும் 1940லேயே எழுதிவிட்டார்கள், அந்த மருந்து பரவலாகப் புழங்கும் முன்பே. உள்ளே வந்த டெட்ராசைக்ளினை வெளியே இறைத்துவிடும் பம்பு. மருந்து போய் ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்வது: எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்குக் கேட்காத ஸ்டஃபைலோகாக்கஸ்) செய்வது இது, 1961இல் இங்கிலாந்தில் தெரியவந்தது. மருந்து நுழையும் வாசலைக் குறைத்துக்கொள்வது இன்னொன்று.

இதில் நம் வாசலுக்கே வந்த கதை ஒன்று உண்டு. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகக் கீழே இறங்கினால் கோழிக்கோடு. டைஃபாய்டுக்கு அப்போது குளோராம்பெனிகால்தான் கண்கண்ட மருந்து. 1972இல் கோழிக்கோட்டில் வந்த டைஃபாய்டு அதற்கு அசையவில்லை. அந்த எதிர்ப்பு, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடிய டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதை அங்கிருந்த மருத்துவர்கள் அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மருந்தின் மூலக்கூறில் அசிட்டைல் என்ற ஒரு சின்ன ஒட்டைப் போட்டுவிடுகிறது அந்தக் கிருமியின் நொதி. பிறகு மருந்து ரைபோசோமில் பொருந்தாது. அதே ஆண்டு மெக்சிகோவிலும் இதே தொல்லை.

பிறகு மருத்துவர்கள் குளோராம்பெனிகாலைக் கைவிட்டுச் சிப்ரோவுக்குப் போனார்கள். ஆண்டுகள் போக, இன்றைக்கு நம் நாட்டில் கிடைக்கும் டைஃபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை குளோராம்பெனிகாலுக்கு மறுபடி கேட்கின்றன; சிப்ரோவுக்குத்தான் கேட்பதில்லை.

நீங்கள் சொல்லும் சூப்பர்பக்கில் இருப்பது என்.டி.எம்.-1. கார்பாபெனெம் எனும் கடைசி வரிசை மருந்துகளை வெட்டும் நொதி. 2010இல் அதுபற்றி லான்செட் குழும இதழில் வந்த பெரிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். சென்னை மாதிரிகளும் அதில் உண்டு. நியூ டெல்லி என்ற ஊர்ப் பெயரை ('என்.டி.' அதுதான்) நொதிக்கு வைத்தது பற்றி நாடாளுமன்றம் வரை சண்டை நடந்தது. சண்டை பெயரைப் பற்றியே போனது, மருந்துப் பழக்கத்தைப் பற்றிக் குறைவாகத்தான் போனது என்பது என் எரிச்சல்.

ஆக, 'ஆர்' வந்தால் மருந்தை மாற்றுவதுதான் வழி. 'எஸ்' வந்தும் நோய் திரும்பினால் பெரிய மருந்துக்குத் தாவுவது தேவையில்லாத தாவல். படுத்துக் கிடக்கும் செல்லுக்குச் சின்ன மருந்தும் பெரிய மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். போகிற வழியில் குடலில் இருக்கும் மற்ற கிருமிகளுக்குத்தான் பெரிய மருந்தைத் தாங்கும் பயிற்சி கிடைக்கும்.

#11 பைபாஸ்_டாக்டர் (மேட்டுப்பாளையம்)

மருத்துவர். உதகைக்காரர் எழுதியதில் பிழை இல்லை, ஆனால் லேப்காரர்களுக்குத் தட்டு மட்டும்தான் தெரியும் என்று நாங்கள் கிண்டல் செய்வதுண்டு. (கோபிக்க வேண்டாம்.)

சிறுநீர்த் தொற்று சில வாரம் கழித்துத் திரும்பினால் ஒளிந்திருந்த கிருமிதான் எழுந்தது என்று முடிவு கட்டக்கூடாது. பெரும்பாலும் அது புதுத் தொற்று. ஈ. கோலையின் வீடு குடல். அங்கிருந்து புறப்பட்டு மறுபடி ஏறுகிறது. அதே வீட்டிலிருந்து வருவதால் ரிப்போர்ட் அச்சு அசலாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பில் இருக்கும் நல்ல லாக்டோபாசில்லஸ் கிருமிகள் குறைகின்றன, அமிலத்தன்மை குறைகிறது, ஈ. கோலைக்கு வழி திறக்கிறது. இந்த வயதில் அடிக்கடி வருபவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எண்ணிக்கையைக் குறைக்கிறது. வெட்கத்தில் யாரும் கேட்பதில்லை, அவசரத்தில் நாங்களும் சொல்வதில்லை. கல் இருக்கிறதா, சிறுநீர் முழுதாக வெளியேறுகிறதா என்று ஒரு ஸ்கேனும் பார்க்க வேண்டும்.

ஒளிந்திருப்பதும் உண்மைதான். அமெரிக்காவில் ஸ்காட் ஹுல்ட்கிரென் குழு 2003இல் எலிகளில் காட்டியது: ஈ. கோலை சிறுநீர்ப்பையின் உள்தோல் செல்களுக்குள் புகுந்து கூட்டமாகப் பெருகுகிறது. பின்னர் நோயாளிப் பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களிலும் அதுபோன்ற கூட்டங்களைப் பார்த்தார்கள். நைட்ரோஃபுரான்டாய்ன் சிறுநீரில் நன்றாகச் செறியும், திசுவுக்குள் போதுமான அளவு சேராது. சிறுநீரகத்துக்கே தொற்று ஏறிவிட்டால் அதைக் கொடுக்காததற்குக் காரணம் இதுதான்.

மஞ்சுமூட்டம், ஒரு கேள்வி. ரெண்டாவது முறை கல்ச்சர் எடுத்தபோது அம்மாவுக்கு நிஜமாகவே கடுப்பு இருந்ததா, இல்லை 'சரியாயிடுச்சா பார்க்கலாம்' என்று எடுத்ததா?

#12 மஞ்சுமூட்டம் (கோத்தகிரி)

கடுப்பு இருந்ததுங்க டாக்டர். ஆனா மூணாவதா ஒண்ணு போன வாரம் எடுத்தோம், அப்ப எந்தத் தொந்தரவும் இல்லை. லேபில் சலுகைன்னு சொன்னாங்க. அதிலயும் கிருமி இருக்குன்னு வந்ததாலதான் பயந்துபோய் இங்க எழுதினேன்.

#13 பைபாஸ்_டாக்டர் (மேட்டுப்பாளையம்)

தொந்தரவு இல்லாதபோது எடுத்த அந்த ரிப்போர்ட்டுக்கு மருந்து வேண்டாம். வயதான பெண்களில் பலருக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும், நோய் இருக்காது. அதற்கு மருந்து கொடுத்தால் நன்மை இல்லை என்பது தெளிவாகிவிட்ட விஷயம். (கர்ப்பிணிகள் இதில் சேர மாட்டார்கள், அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.) காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி வந்தால் மட்டும் அன்றைக்கே போங்கள்.

#14 மலைப்பூண்டு (பூம்பாறை)

கொடைக்கானல் பக்கம் எங்க ஊர்ப் பூண்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. தினம் நாலு பல் பச்சையா மென்னா எந்தக் கிருமியும் நிக்காது. ஆங்கில மருந்தே வேண்டாம்.

#15 பெட்ரி_தட்டு (உதகை)

பூண்டை நசுக்கினால் வரும் அல்லிசின் தட்டில் கிருமியைத் தடுப்பது நிஜம், 1944இலேயே பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். வயிற்றுக்குப் போனதும் அது உருமாறிவிடும், சிறுநீர்ப்பைக்கு அந்த வடிவில் போய்ச் சேராது. குழம்புக்கு உங்கள் பூண்டை மிஞ்ச ஆளில்லை, அதில் எனக்குச் சண்டையில்லை.

#16 மடிநோய் (கூடலூர்)

கால்நடை மருத்துவர். இந்த இழையில் மாடு வராமல் இருந்தால் எப்படி?

மடிநோயில் இது எங்களுக்குத் தினசரிப் பிரச்சினை. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடிக்குள் புகுந்தால் சீழ்க்கட்டி கட்டி உள்ளே உட்காரும், மாட்டின் வெள்ளணுக்களுக்குள்ளேயே போய்ப் பதுங்கும். தட்டில் 'எஸ்' என்று வந்த மருந்தைக் காம்பு வழியாக விட்டால் பால் தெளியும், விவசாயி சந்தோஷப்படுவார், அடுத்த ஈத்தில் மறுபடி கட்டி. மருந்து அந்தக் கட்டிக்குள் போய்ச் சேர்வதே இல்லை. பால் வற்றிய காலத்தில் நீண்ட நாள் தங்கும் மருந்தை மடியில் விடுவது கொஞ்சம் பலன் தருகிறது. பழைய கேஸ் என்றால் மாட்டைக் கழிப்பதுதான் நேர்மையான யோசனை. யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. மருந்து விட்ட மாட்டின் பாலை, டியூப் அட்டையில் போட்ட நாள் வரை சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது. ஊற்றினால் எப்படிப் பிடிபடும் தெரியுமா? வீட்டில் உறை ஊற்றினால் தயிர் தோயாது. மருந்தின் மிச்சம் தயிர்க் கிருமியைத் தடுத்துவிடும். காசு கொடுத்துப் பார்க்கும் டெஸ்டுகளில் சிலதும் இதே தத்துவம்தான்.

கோழிப்பண்ணைக் கதையைத் தொட்டால் இழை கிழிந்துவிடும். தீனியில் கலந்த கொலிஸ்டினை 2019இல் அரசு தடை செய்தது. மனிதனுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் மருந்து அது.

#17 இத்தலார்_தோட்டம் (இத்தலார்)

மாட்டுக்கு மட்டுமா? கோசுக்கும் தக்காளிக்கும் ஸ்ட்ரெப்டோசைக்ளின்னு பொட்டலத்தில் கிடைச்சுதே, அதில் என்ன இருந்துச்சு?

#18 மடிநோய் (கூடலூர்)

பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கிடைத்த முதல் மருந்து. அதைத்தான் இலைமேல் தெளித்தோம்.

#19 மூடுபனிக்_காலேஜ் (உதகை)

காசநோய் என்றதும் ஞாபகம். என் தாத்தாவுக்கு ஆறு மாசம் மாத்திரை. ரெண்டாவது மாசமே இருமல் நின்னு எடை ஏறிடுச்சு. ஆனாலும் ஆறு மாசம் விடமாட்டேன்னாங்க. இதுவும் அந்தத் தூங்குற கிருமிக்காகவா?

#20 பைபாஸ்_டாக்டர் (மேட்டுப்பாளையம்)

ஆமாம், அதற்கேதான். காசநோய்க் கிருமி இரட்டிக்கவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும், அதிலும் ஒரு பகுதி நுரையீரல் கட்டிகளுக்குள் பெருகாமலேயே கிடக்கும். ஐசோனியாசிட் பெருகுவதை வேகமாகச் சாய்த்துவிடுகிறது, நோயாளி தெளிந்துவிடுகிறார். மீதி மாதங்கள் எல்லாம் மெதுவாக எழுபவற்றுக்காகக் காத்திருந்து அடிப்பதுதான். ரிஃபாம்பிசின் அவ்வப்போது கண் விழிப்பவற்றைப் பிடிக்கும். பைராசினமைடு அமிலச் சூழலில் முடங்கிக் கிடப்பவற்றைப் பிடிக்கும். சாதாரணத் தட்டில் அதற்கு வேலை செய்யவே தெரியாது, உடம்புக்குள்தான் அதன் அருமை.

நாலு மருந்து சேர்த்துக் கொடுப்பது மட்டும் வேறு காரணத்துக்காக. ஒரே மருந்து கொடுத்தால் அதற்கு மரபணு எதிர்ப்பு உள்ள ஒன்றிரண்டு பெருகிவிடும். 1948இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது அதுதான் நடந்தது. ஆக, ஒரே சிகிச்சையில் நாலு மருந்து எதிர்ப்புக்கு, ஆறு மாதம் உறக்கத்துக்கு.

நம் மலைக்குப் பொருத்தமான ஒரு செய்தி. குளிர்ந்த காற்றும் ஓய்வும்தான் மருந்து என்று காசநோயாளிகளைச் சானடோரியத்தில் படுக்க வைத்த காலம் அது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்துக்கும் மறுபகுதியை அவரவர் குடிசை வீட்டுக்கும் அனுப்பி, இருவருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தது. 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடியதில் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

#21 குன்னூர்_மெடிக்கல் (குன்னூர்)

இதைத்தான நானும் தினம் கத்தறேன். கோர்ஸை முடிங்கன்னு. ரெண்டு நாள்ல நல்லாயிட்டா மீதியைப் பீரோவில் வெச்சுக்கறாங்க.

#22 பைபாஸ்_டாக்டர் (மேட்டுப்பாளையம்)

காசநோய்க்கு முழுக்கச் சரி. எல்லாத் தொற்றுக்கும் அதை நீட்டுவதில்தான் இப்போது சண்டை. 2017இல் பி.எம்.ஜே. இதழில் சில பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், 'கோர்ஸை முடிக்காவிட்டால் எதிர்ப்பு வளரும்' என்பதற்குச் சான்று போதாது என்று எழுதினார்கள். தேவைக்கு மேல் சாப்பிட்டால்தான் உடம்பில் இருக்கும் மற்ற கிருமிகளுக்கு எதிர்ப்பு வளர வாய்ப்பு கூடுதல் என்பது அவர்கள் வாதம். சாதாரண நிமோனியா, சிறுநீர்த் தொற்று பலவற்றுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாள் போதும் என்று சோதனைகளும் வந்துவிட்டன. இதை 'நீங்களே நிறுத்திக்கொள்ளலாம்' என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை நாள் என்று எழுதும் டாக்டரிடம் கேளுங்கள், அந்த நாள் வரை சாப்பிடுங்கள். மிச்சத்தைப் பீரோவில் வைப்பதில் குன்னூர் அண்ணனோடு நானும் கத்துகிறேன்.

#23 குன்னூர்_மெடிக்கல் (குன்னூர்)

டாக்டருங்களுக்குள்ளேயே ஒத்துப் போகாத விஷயத்தைக் கவுண்டரில் நிக்கிறவன் என்னன்னு சொல்றது? நான் முடிங்கன்னுதான் சொல்லுவேன்.

#24 பெட்ரி_தட்டு (உதகை)

உங்கள் சங்கடம் புரிகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆய்வையும் வைக்கிறேன், எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

2014இல் பலாபன் குழு ஈ. கோலைக்குத் தினமும் குறிப்பிட்ட நேரம் மட்டும் ஆம்பிசிலின் கொடுத்து, கழுவி, வளர விட்டு, மறுநாள் மறுபடி கொடுத்தது. ஒரு கூட்டத்துக்கு 3 மணி நேரம், இன்னொன்றுக்கு 5, இன்னொன்றுக்கு 8. சில சுற்றுகளுக்குள்ளேயே கிருமிகள் விழித்தெழும் நேரத்தைத் தள்ளிப்போடக் கற்றன. 3 மணி நேரம் மருந்து பார்த்தவை ஏறக்குறைய அந்த நேரம், 8 மணி நேரம் பார்த்தவை ஏறக்குறைய அந்த நேரம் படுத்திருந்தன. கடிகாரம் பார்த்த மாதிரி. தட்டில் வைத்துப் பார்த்தால் எல்லாமே 'எஸ்'தான், மருந்தின் தடுக்கும் அளவு துளியும் மாறவில்லை. இது பிக்கர் பார்த்த குருட்டு அதிர்ஷ்டம் இல்லை, மரபணுவில் ஏறிவிட்ட தாமதம்.

2017இல் அதே குழு அடுத்த படியையும் காட்டியது. இப்படித் தாக்குப்பிடிக்கக் கற்ற கூட்டத்தில்தான் நிஜமான எதிர்ப்பு பிறகு சீக்கிரம் தோன்றியது. உயிரோடு இருப்பவை அதிகம் என்றால் மாறும் வாய்ப்பும் அதிகம். #10இல் ரெண்டும் வேறு என்றேன். வேறுதான், ஆனால் முதலாவது இரண்டாவதற்கு வழி விடுகிறது.

#25 மூடுபனிக்_காலேஜ் (உதகை)

அப்ப தூங்குறதை எழுப்பிட்டு அடிச்சா?

#26 பெட்ரி_தட்டு (உதகை)

பிக்கரே 1944இல் அப்படித்தான் யோசித்தார்: மருந்தை இடைவெளி விட்டுக் கொடுத்தால் நடுவில் எழுபவை அடுத்த முறை சாகும். மேலே சொன்ன 2014 ஆய்வைப் பார்த்தால் அந்த யோசனையின் ஆபத்தும் தெரியும்.

2011இல் ஜேம்ஸ் காலின்ஸ் குழு வேறு வழி பார்த்தது. ஜென்டமைசின் வகை மருந்துகள் செல்லுக்குள் நுழையச் சவ்வில் மின் அழுத்தம் வேண்டும். உறங்கும் செல்லில் அது குறைவு. மானிட்டால் போன்ற சர்க்கரைகளைச் சேர்த்துக் கொடுத்தபோது செல் முழுதாக எழாமலேயே அந்த அழுத்தம் ஏறி, மருந்து உள்ளே போய்க் கொன்றது. சிறுநீர்த் தொற்று வைத்த எலிகளில் வேலை செய்தது. எலிகளில். மாத்திரையோடு யாரும் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

#27 காட்டேரி_வளைவு (குன்னூர்)

அப்பா பக்கவாதத்தில் படுக்கை, யூரின் போக டியூப் போட்டிருக்கு. யூரின் கலங்கலா இருக்குன்னு மாசாமாசம் கல்ச்சர், மாசாமாசம் ஆன்டிபயாடிக். இப்ப ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல 'ஆர்'. இதுக்கு ஏதாவது சொல்லுங்க.

#28 பைபாஸ்_டாக்டர் (மேட்டுப்பாளையம்)

டியூபின் உள்சுவரில் கிருமிகள் பசை போன்ற படலம் கட்டி அதற்குள் வாழும். படலத்தின் அடியில் சாப்பாடும் ஆக்சிஜனும் குறைவு, அதனால் அங்கே இருப்பவை மந்தமாகவே கிடக்கும். நீண்ட நாள் டியூப் இருந்தால் சிறுநீரில் கிருமி இருந்தே தீரும். கலங்கலோ வாடையோ மட்டும் மருந்துக்குக் காரணம் ஆகாது. காய்ச்சல், புதிதாகக் குழப்பம், ரத்த அழுத்தம் இறங்குவது போன்றவை வந்தால் பழைய டியூபை எடுத்துவிட்டுப் புது டியூப் போட்டு, அதிலிருந்து கல்ச்சருக்கு எடுக்க வேண்டும். பழைய டியூபில் எடுத்தால் படலத்தில் குடியிருப்பவர்களின் பட்டியல்தான் வரும். டியூப் இன்னும் வேண்டுமா என்பதையே முதலில் கேளுங்கள். ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் பை உண்டு.

#29 இத்தலார்_தோட்டம் (இத்தலார்)

கேள்வி திசை மாறினா மன்னிக்கணும். போன மழைக்காலத்தில் தோட்டத்தில் வேலை செய்யற ஒருத்தருக்கு உண்ணிக் காய்ச்சல். ஊசியா போட்டும் இறங்கல. டாக்சிசைக்ளின் மாத்திரையில் ரெண்டு நாள்ல இறங்கிச்சு. அதுவும் ஒளிஞ்சிருக்கிறதா?

#30 பைபாஸ்_டாக்டர் (மேட்டுப்பாளையம்)

திசை மாறவில்லை. அந்தக் கிருமி நம் செல்லுக்கு உள்ளே மட்டும்தான் வாழும், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை தாக்கும் சுவரும் அதற்குப் பெயரளவுக்குத்தான். இது கற்றுக்கொண்ட எதிர்ப்பு இல்லை, பிறவியிலேயே அப்படி. டாக்சிசைக்ளின் செல்லுக்குள் போகும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய சோதனை 2023இல் வந்தது. புதர் வெட்டப் போனவர்களுக்குக் காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டது போல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

#31 மஞ்சுமூட்டம் (கோத்தகிரி)

எல்லாருக்கும் நன்றிங்க. அம்மாவை வேற டாக்டர்கிட்ட காட்டினோம். மூணாவது ரிப்போர்ட்டுக்கு மருந்து வேண்டாம்னுட்டாங்க, ஸ்கேனில் கல் இல்லை, கிரீம் எழுதினாங்க. அம்மா முதல்ல முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, அப்புறம் சரின்னாங்க.

கடைசியா ஒரு சந்தேகம், உதகை அண்ணாவுக்கு. தூங்குற கிருமி இருக்கான்னு பார்க்கிற டெஸ்டை லேபில் ஏன் செய்யறதில்ல?

#32 பெட்ரி_தட்டு (உதகை)

செய்ய முடியும், வழக்கத்தில் வரவில்லை. 2017இல் பலாபன் குழுவே ஒரு எளிய முறை சொன்னது. வழக்கம்போல் வில்லை வைத்து வட்டம் வந்ததும், மருந்து வில்லையை எடுத்துவிட்டு அதே இடத்தில் குளுக்கோஸ் வில்லையை வைக்க வேண்டும். மருந்து அதற்குள் பரவி நீர்த்திருக்கும். வெற்று வட்டத்துக்குள் ஓய்ந்து கிடந்தவை இருந்தால் சாப்பாடு கிடைத்ததும் எழுந்து புள்ளி புள்ளியாகக் காலனி வைக்கும். கூடுதல் செலவு ஒரு வில்லை, கூடுதல் காத்திருப்பு ஒரு இரவு. புள்ளிகளைப் பார்த்தபின் மருத்துவர் என்ன மாற்றி எழுத வேண்டும் என்பதற்கு இன்னும் அட்டவணை இல்லை, அதனால் எந்த லேபும் ரிப்போர்ட்டில் போடாது.

#33 இத்தலார்_தோட்டம் (இத்தலார்)

அப்படி ஒரு தட்டு போட்டா படம் போடுங்க. அந்தப் புள்ளியைப் பார்க்கணும்.

#34 பெட்ரி_தட்டு (உதகை)

லேபில் பழகுவதற்கென்று வைத்திருக்கும் ஈ. கோலையில் ஆம்பிசிலின் வில்லை வைத்துப் பார்க்கிறேன். கரண்ட் போகாமல் இன்குபேட்டர் இரண்டு இரவு ஓடினால் படம் வரும்.